மூளைக்காயமுற்றோர்க்கான துணைப்பணிகள்: ஒரு சரித்திர நோக்கு

தலையில் பலத்த காயமுற்றவரின் உயிரை மீட்டதும் வைத்தியத்தின் கடமை முடிந்துவிடுகிறது என்ற அபிப்பிராயம் நெடுங்காலம் நிலவி வந்தது. அது படிப்படியாக மாறி, ஞாபகமும் நிதானமும் குலைந்தவர் வீட்டிலும் வீதியிலும் வாழ்வதற்கு வேண்டிய துணையை அளிப்பதும் சமூகத்தின் பொறுப்பே என்ற எண்ணம் வேரூன்றிய வரலாற்றைப் பெரும்பாலும் பிரிட்டனின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மருத்துவர்களுக்கு நிகராகக் குடும்பத்தாரும் இப்பணியை உருவாக்கினர் என்பது அவ்வாராய்ச்சியில் தெளிவாகும்.

இதன் தொடக்கம் யுத்தத்தில் இருக்கிறது. முதல் உலக யுத்த காலத்தில் பிராங்க்பர்ட் நகரில் குர்ட் கோல்ட்ஸ்டைன் நடத்திய ஸ்தாபனத்தில் சிகிச்சையோடு உளவியல் பரிசோதனைச் சாலையும் தொழிற்பட்டறையும் இணைந்திருந்தன. காயமுற்ற சிப்பாய் எவ்வேலையைச் செய்ய வல்லவன், எவ்விடத்தில் தடுமாறுகிறான் என்பதை அங்கே கண்டறிந்து, அதற்கேற்பப் பயிற்சி அளித்தனர். இரண்டாம் யுத்தத்தில் ஆக்ஸ்போர்டின் செயின்ட் ஹியூஸ் கல்லூரியே தலைக்காய மருத்துவமனையாக மாற, ஹியூ கேர்ன்ஸின் தலைமையில் 1940 முதல் 1945 வரை பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே சிகிச்சை பெற்றனர். எடின்பரோவுக்கு அருகே பாங்கர் மருத்துவமனையில் பணியாற்றிய ஆலிவர் ஸாங்வில், 1947இல் வெளியிட்ட ஆய்வுரையில், இழந்த ஆற்றலை ஈடுசெய்தல், அதற்கு மாற்றுவழி காணல், அதனையே நேராகப் பயிற்றுதல் என மூவகை நெறிகளை வகுத்துக் காட்டினார்.

சமாதான காலத்தில் மோட்டார் விபத்துகள் பெருகின. கிளாஸ்கோவில் கிரஹாம் டீஸ்டேலும் பிரயன் ஜென்னெட்டும் 1974இல் வகுத்த அளவுகோல் நோயாளியின் பிரக்ஞை நிலையை மதிப்பிட்டது. மறு ஆண்டில் ஜென்னெட்டும் மைக்கேல் பாண்டும் அமைத்த மற்றோர் அளவுகோலோ, பிழைத்தவர் பிறர் துணையின்றி அன்றாடம் வாழ இயலுமா என்று வினவியது. அந்த வினாவுக்கு விடையாகப் பலரது வாழ்க்கை வீட்டார் தோள்மேல் விழுந்தது. நீல் புரூக்ஸும் அவர்தம் சகாக்களும் கிளாஸ்கோவில் உறவினர்களைத் தொடர்ந்து விசாரித்தபோது, உடற்குறையைக் காட்டிலும் சுபாவ மாற்றமே அவர்களை மிகவும் வாட்டியதும், முதலாண்டிற் கண்ட பாரம் ஐந்தாம் ஆண்டில் குறையாது ஏறியிருந்ததும் வெளிப்பட்டன.

இத்தகைய துன்பத்தை நேரில் அறிந்த குடும்பத்தாரும் அவர்கள்பால் அக்கறை கொண்டோரும் ஒன்றுகூடி 1979இல் தோற்றுவித்ததே 'ஹெட்வே' என்னும் சங்கம். ஊர்தோறும் கிளைகள் கண்டு, பகல்நேர நிலையங்களும் தொலைபேசி ஆலோசனையும் நடத்தி, நோயுற்றவரோடு அவரைப் பேணுவோருக்கும் ஆறுதல் தரும் பணியாக அது வளர்ந்தது. அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டே, மகள் விபத்துக்குள்ளான மெரிலின் ஸ்பிவாக் என்ற தாயார் அத்தகைய தேசிய ஸ்தாபனத்தைத் தொடங்கினார்.

ஸாங்வில் கூறிய ஈடுசெய்யும் நெறி பின்னர் ஒரு சிறு கருவியில் உருப்பெற்றது. கலிபோர்னியாவில், தலைக்காயமுற்ற மகனுக்காகத் தந்தையாகிய பொறியாளர் ஒருவர் உளவியலறிஞரோடு சேர்ந்து அமைத்த பேஜர் முறை அது. இடுப்பில் செருகிய பேஜர் குறித்த நேரத்தில் அதிர, மருந்து உண்ணும் வேளை வந்ததென்று அதன் சிறு திரையில் எழுத்துக்கள் தோன்றும். ஸாங்விலின் பெயரால் 1996இல் ஈலி நகரில் மறுவாழ்வு நிலையம் நிறுவிய பார்பரா வில்சன், 143 பேரிடம் அம்முறையைச் சோதித்து, மறந்துபோகும் அன்றாடக் காரியங்களைப் பெரும்பாலோர் செய்து முடிக்க அது உதவியதென 2001இல் நிறுவினார்.

குழறும் பேச்சையும் தள்ளாடும் நடையையும் கண்டு குடிபோதையென்று போலீஸார் தவறாகக் கொள்ளும் கொடுமைக்கும் 2017இல் ஹெட்வே பரிகாரம் கண்டது: தமக்கு மூளைக்காயம் உண்டென்பதையும் அதனால் விளையும் குறைகளையும் அச்சிட்ட அடையாள அட்டையை இன்று ஒருவர் எடுத்து நீட்டலாம்.

ஆகவே, இப்பணிகளுக்கு நிதி ஒதுக்குவோர் மருத்துவமனையில் கழியும் நாட்களை மாத்திரம் கணக்கிடுதல் போதாது. ஐந்தாம் ஆண்டிலும் அதன் பின்னரும் நீளும் பாரத்தையும் கணக்கிற் கொண்டு, அதனைச் சுமக்கும் குடும்பத்தாரையும் உதவி பெறும் உரிமையுடையோராகக் கொள்வதே இவ்வரலாறு வற்புறுத்தும் நியாயம்.