சென்னையிற் சோதிக்கப்பட்ட வைசூரி மருந்து

பெனிசிலின் வந்தபின்னர், கிருமிநோய் எதற்கும் மருந்து கிட்டிவிடும் என்று மக்கள் நம்பத் தலைப்பட்டனர். வைசூரி அந்நம்பிக்கைக்கு இடங்கொடுக்கவில்லை. பற்றீரியா தானாக வாழும் உயிர். அதனைத் தனியே தாக்கலாம். வைரசோ மனிதனுடைய கலத்தினுள்ளே புகுந்து, அக்கலத்தைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்வது. கள்வனை அடிக்கப்போய் வீட்டையே இடித்துவிடாத மருந்து வேண்டியிருந்தது.

இலண்டன் வெல்கம் ஆய்வுகூடத்தில் பாவர் என்னும் அறிஞர் அத்தகையதொன்றை ஆராய்ந்தார். மெதிசசோன் என்ற அம்மருந்து, வைரசு கலத்துள் நுழைவதைத் தடுப்பதன்று. உள்ளே புதிய வைரசுகள் முழுமையாய் உருவாவதைத் தடுப்பது. எலிகளிற் பயன்கண்டபின்னர், மனிதரிடத்தே சோதிப்பதற்குச் சென்னை தெரிவாயிற்று. அந்நகரில் அக்காலத்தில் வைசூரி ஓயாத நோய்.

நோயைத் துணிவதும் எளிதன்று. தொடக்கத்திற் காய்ச்சலும் நாரிநோவும் மட்டுமே. பின்னர் கொப்புளங்கள் முகத்திலும் கைகால்களிலும் நெருங்கி, ஒரே பருவத்தினவாய் எழும். கொப்புளிப்பானிலோ அவை உடம்பின் நடுப்பகுதியில் மிகுந்து, சில முற்றியும் சில இளையனவாயும் காணப்படும். கண்ணால் துணிய இயலாதவிடத்து, கொப்புள நீரைக் கருக்கொண்ட கோழிமுட்டையின் சவ்விலே இட்டு, வெண்புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று பார்ப்பர். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைசூரி வைரசு செங்கல் வடிவாய்த் தோன்றும்.

ஆயினும், நோய் வெளிப்பட்டவருக்கு மெதிசசோன் உதவவில்லை. அவரோடு நெருங்கிப் பழகிய வீட்டாருக்கே அதனைக் கொடுத்தனர். தொற்றியபின் நோய் தோன்ற ஏறத்தாழ 12 நாள் செல்லும். அவ்விடைவெளியே மருந்துக்குரிய காலம். 1963ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. மருந்துண்ட 1,101 பேரில் மூவருக்கே நோய் கண்டது, அதுவும் மெலிதாகவே. உண்ணாத 1,126 பேரில் 78 பேருக்கு நோய் கண்டது. அவருள் 12 பேர் இறந்தனர். வைரசு நோயை மருந்தினால் தடுக்கலாம் என்பதற்கு அந்நாளில் இதனினும் வலிய சான்று அரிது.

எனினும் மருந்து நிலைபெறவில்லை. உண்டவர் பலர் வாந்தியெடுத்தனர். பின்னர் பிறவிடங்களிற் செய்த சோதனைகள் அத்துணைத் தெளிவான பயனைக் காட்டவில்லை. அம்மைப்பால் குத்துவதோ மலிவானது. ஒருமுறை குத்தினால் ஆண்டுக்கணக்கிற் காப்பது. அதனாலேயே வைசூரி ஒழிந்தது. இயற்கையாகத் தொற்றிய இறுதி நோயாளி 1977இல் சோமாலியாவிற் காணப்பட்டார். 1980இல் உலகச் சுகாதார தாபனம் நோய் ஒழிந்ததென அறிவித்தது.

2018இல் டெகோவிரிமாட் என்னும் வைசூரி மருந்துக்கு அமெரிக்கா அனுமதி வழங்கியது. அதன் பயனை விலங்குகளிலேயே அளந்தனர்; அளந்தறிய வைசூரி நோயாளி ஒருவரும் உலகில் இல்லை.