குழுவிசைப் பயிற்சியும் ஒலிப்பதிவுக் கருவியும்

சேர்ந்து பாடுவோர் தாம் பாடுவதைத் தாமே முழுமையாகக் கேட்டல் அரிது. தன் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டெலும்பின் வழியாகவும் செவிக்கு எட்டுதலால், ஒருவன் கேட்கும் தன் குரல் பிறர் கேட்கும் குரலன்று. அருகில் நிற்பவனின் குரலோ ஏனையோர் குரல்களை மறைத்துவிடும். முன்னே நிற்கும் ஆசிரியர் ஒருவரே குழுவின் ஒலியை ஒன்றாகக் கேட்பவர். அவர் கேட்டதை மாணவர் அவர் சொல்லால் அறிந்தனரேயன்றித் தம் செவியால் அறிந்திலர். இக்குறையை ஒலிப்பதிவுக் கருவி எவ்வாறு நீக்கிற்று என்பதை ஆராயுமிடத்து, கருவி தோன்றிய காலத்துக்கும் அது பள்ளிப் பயிற்சிக்கு உதவத் தொடங்கிய காலத்துக்கும் இடையே ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு கழிந்தமை புலனாகும்.

தோமஸ் அல்வா எடிசன் 1877 இல் போனோகிராப் என்னும் கருவியை அமைத்தார். மறு ஆண்டில் அதன் பயன்களை வகுத்து அவர் எழுதிய கட்டுரையில், ஆசிரியரின் விளக்கத்தைப் பதிந்துவைத்து மாணவன் வேண்டும்போது கேட்டல் என்பதும் இடம்பெற்றது. ஆயினும் வணிகர் கண்ட வழி வேறு. இசைத்தட்டு விற்பதே பெருந்தொழிலாயிற்று. அமெரிக்காவின் விக்ரர் நிறுவனம் 1911 இல் கல்விப் பகுதியொன்றைத் தொடக்கி, பிரான்சிஸ் எலியற் கிளார்க் என்னும் இசையாசிரியையை அதற்குத் தலைவியாக்கியது. இசைத்தட்டு வகுப்பறையுள் நுழைந்தது. மாணவனோ பெரும்பாலும் கேட்போனாகவே இருந்தான்.

இதற்கு ஈராண்டு முன்னரே, 1909 இல் கொழும்பில் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுதியில், ஆனந்தக் குமாரசுவாமி கிராமபோனைக் கண்டித்து எழுதியிருந்தார். உயிருள்ள இசைஞன் இருந்த இடத்திற் பொறி அமர்வதை அவர் பொறுத்திலர். இதனை வெறும் பழமைப் பற்றெனத் தள்ளுதல் எளிது. எனினும் இசைத்தட்டைப் பொறுத்தமட்டில் அவர் அஞ்சியது பெரிதும் நிகழ்ந்தது என்றே நாம் கருதுகின்றோம்.

அக்காலத்துக் கருவி குழுப்பாடலுக்கு ஏற்றதுமன்று. பாடுவோர் ஒரு கூம்புக் குழலின் வாயருகே நெருங்கி நிற்றல் வேண்டும். பெருங்குழுவுக்கு அது இயலாது. ஒலிவாங்கி கொண்டு மின்முறையிற் பதியும் வழக்கம் 1925 இல் வந்தபின்னரே அத்தடை நீங்கியது. அதன் பின் வெளிவந்தவற்றுட் புகழ்மிக்கது மான்செஸ்ரர் நகரப் பள்ளிப் பிள்ளைகளின் இசைத்தட்டாகும். 1929 யூன் 24 ஆம் நாள் அந்நகரின் பிறீ றேட் மண்டபத்தில் 250 பிள்ளைகள், ஹலே வாத்தியக் குழுவுடன், சேர் ஹமில்ற்ரன் ஹார்ட்டி நெறிப்படுத்த, பேர்செல் இசையமைத்த பாடலொன்றைப் பாடினர். கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட அத்தட்டுப் பத்து இலட்சம் படிகள் விற்றமைக்காக 1989 இற் பொற்றட்டுப் பெற்றது. எனினும் அப்பிள்ளைகளைப் பழக்கியவை ஜேர்ட்றூட் றையல் என்னும் ஆசிரியையின் செவியும் சொல்லுமே. பொறி வந்தது பயிற்சி முடிந்த பின்னர். மெழுகுத்தட்டிற் பதிந்ததை உடனே ஓடவிட்டால் அதன் கீற்றுக்கள் சிதைந்து படியெடுக்க உதவாது போகும். ஆகவே, பாடியதை அங்கேயே கேட்டுத் திருத்தி, அத்தட்டையே வெளியிட வழியில்லை.

அவ்வழியைத் திறந்தது காந்தப் பதிவு. டென்மார்க்கின் வால்டமார் போல்சன் 1898 இல் எஃகுக் கம்பியிற் கண்ட முறை, 1935 இல் ஜேர்மனியரின் மக்னற்றபோன் கருவியில் ஒலிநாடாவாக உருப்பெற்றது. போருக்குப் பின் அது மேலைநாட்டுப் பள்ளிகளை அடைந்தது. 1963 இற் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கசற் அதனை எளிய விலைக்குக் கொணர்ந்தது. பயிற்சிக்கு ஒலிநாடா தந்த பெருநன்மை ஒலியின் இனிமையன்று, அழிக்கக்கூடிய தன்மையே. பிழை நிலைத்துவிடும் என்ற அச்சம் இல்லாவிடத்து, மாணவன் தன் பிழையைக் கேட்கத் துணிவான்.

துணைக்கருவியின்றிப் பாடும் குழு சிறிது சிறிதாகச் சுருதி இறங்குவது பலரும் அறிந்தது. எல்லோரும் ஒருங்கே இறங்குதலால் ஒருவரும் அதனை உணரார். காலை வழிபாட்டில் மாணவர் கூடிப் பாடும் தேவாரத்திலும் இது நிகழக்கூடும். பதிவின் முதலடியையும் ஈற்றடியையும் அடுத்தடுத்துக் கேட்பித்தால் வேறு விளக்கம் வேண்டா. தாளம் விரைதலும் சொல்லின் நடுவே மூச்செடுத்தலும் அவ்வாறே வெளிப்படும். ஆனால் கசற் கருவியில் மின்கலம் தேய்ந்தால் நாடா மெதுவாக ஓடிச் சுருதியும் தாழும். அதனையே சுருதிக்கு அளவுகோலாகக் கொண்ட ஆசிரியரின் பாடு இரங்கத்தக்கது! எண்முறைப் பதிவில் இவ்விடர் இல்லை.

எண்முறைப் பதிவு மற்றொரு வழியையும் திறந்தது. 2010 இல் அமெரிக்க இசையமைப்பாளர் எறிக் விற்றேக்கர், 12 நாடுகளிலிருந்து 185 பேர் தனித்தனியே பதிந்தனுப்பிய குரல்களை ஒரு குழுப்பாடலாக இணைத்தார். 2020 இற் பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடசாலைக் குழுக்கள் பல அம்முறையையே கைக்கொண்டன. ஒவ்வொரு மாணவனும் காதொலிப்பானிற் கேட்ட பதிவுக்கு இசையத் தன் வீட்டிலிருந்து பாடினான். தன் குரலின் குறையை முன்னெப்போதினும் தெளிவாக அவன் அறிந்திருத்தல் கூடும். ஆனால் அயலான் குரலுக்கேற்பத் தன் குரலைத் தணித்தும் உயர்த்தியும் பாடும் பயிற்சி அங்கே இல்லை. அவ்வேலையைக் கணினியின் முன் அமர்ந்து செய்தவர், குரல்களை இணைத்தவரே.