கீழூரில் 178 ஓட்டு

சாமளாபுரத்தில் மகள் வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பக்கத்து வீட்டு விசைத்தறிக்காரர் சென்ற வாரம் கேட்டார்: "ஏனுங்க, பிரெஞ்சுக்காரங்க உங்க பாண்டிச்சேரிய விட்டுப் போனப்ப சண்டை ஏதும் வரலீங்களா?" அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

1947ல் ஆங்கிலேயர் போன பிறகும் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. ஏழு வருஷம் இழுபறி, போராட்டம். கடைசியில் 18-10-1954 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். இணைப்புக்கு ஆதரவாக 170, எதிராக 8. நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது.

சட்டப்படியான இணைப்புதான் தாமதம். 1956 மே 28ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர 1962 ஆகிவிட்டது. நடுவில் அல்ஜீரியப் போர். இந்தியா அல்ஜீரியர் பக்கம் பேசியது பாரீசுக்குக் கசந்தது. ஆனாலும் இரு தரப்பும் பேச்சை முறிக்கவில்லை. கோவாவில் போர்த்துகல் பிடிவாதம் பிடித்தது. 1961ல் ராணுவம் போனது. அந்த நாட்டோடு மறுபடி உறவு ஏற்பட 1974 கடைசி வரை ஆனது.

ஒப்பந்தத்தில் இரண்டு நல்ல காரியம் செய்தார்கள். மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றார்கள். நானும் பிரெஞ்சிலேயே படித்தேன். விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை எழுதிக் கேட்கலாம் என்றார்கள்.

எங்கள் வீட்டில் வினை அங்கேதான் வந்தது. பெரியப்பா 'சொல்தா', இந்தோசீனாவில் இருந்தவர். எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாட்டி கண்ணை மூடிய அன்றுதான் பேசினார்கள். அதன்பின் ஜூலை 14ம் ஆகஸ்ட் 15ம் எங்களுக்கு விருந்து நாள்தான்.

நாடுகள் எங்களைவிடப் புத்திசாலிகள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே, 1955ல், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திறந்தாயிற்று. 1998ல் பொக்ரான் சோதனைக்காக அமெரிக்காவும் ஜப்பானும் தடை விதித்தபோது பிரான்ஸ் விதிக்கவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டுத் தறிக்காரர் சொன்னார்: "நூல் அறுந்தா முடிச்சுப் போட்டு ஓட்டோணும். அதுக்காக யாராச்சும் தறியை ஒடைப்பாங்களா?"

அப்பாவும் பெரியப்பாவும் இதைக் கேட்டிருக்க வேண்டும்.