கொங்கு மலைகளில் நம் முன்னோர் சுவடுகள்

கோடை விடுமுறை வந்ததும் கோவையில் வாழும் நம் குடும்பங்கள் பலவும் மலை நோக்கிப் புறப்படுகின்றன. உதகை, வால்பாறை, கொடைக்கானல் ஆகியவை அண்மையில் உள்ளன. வசதி வாய்த்தோர் மணாலி, லடாக் முதலிய இமயப் பகுதிகளுக்கும் சென்று வருகின்றனர். தண்காற்றையும் பனிமுகட்டையும் கண்டு, அங்கு வாழும் மக்களின் உணவையும் உடையையும் வழிபாட்டையும் அறிந்து திரும்புவது நல்ல பழக்கமே. ஆயினும் மலையேறுவதற்கு நம் சமயத்தில் மிகப் பழைய பொருள் ஒன்று உண்டு. அதனை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

தீர்த்தங்கரர் 24 பேருள் 22 பேர் வீடுபேறு எய்திய இடங்கள் மலைகளே. ஆதிபகவனாகிய விருஷபதேவர் கயிலை மலைப்பகுதியிலுள்ள அட்டாபதத்திலும், நேமிநாதர் குசராத்திலுள்ள கிர்னார் என்னும் ஊர்ஜயந்தகிரியிலும், இருபதின்மர் சம்மேதசிகரத்திலும் முத்தியடைந்தனர். வாசுபூச்சியர்க்குச் சம்பாபுரியும் மகாவீரர்க்குப் பாவாபுரியும் முத்தித்தலங்களாயின.

கயிலை மலை திபெத்தில் 6,638 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அம்மலையின் உச்சிக்கு ஏறுவோர் இலர். ஏறக்குறைய 52 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வழியில் வலம் வருவோரே உளர். இந்துக்களும் பௌத்தரும் வலமாகச் சுற்ற, பொன் என்னும் பழைய திபெத்தியச் சமயத்தார் இடமாகச் சுற்றுகின்றனர். இத்தனை சமயத்தாரும் கூடும் அம்மலையின் உச்சியில் கால் வைப்பதில்லை என்ற கட்டுப்பாட்டை எல்லோரும் போற்றுகின்றனர். 2020 முதல் தடைப்பட்டிருந்த இந்திய யாத்திரை 2025இல் மீண்டும் தொடங்கியது.

சம்மேதசிகரம் சார்க்கண்டு மாநிலத்தின் கிரிடீ மாவட்டத்தில் உள்ளது. 1,365 மீட்டர் உயரமுடைய இம்மலையை ஏறி, சிகரங்களை வணங்கி, இறங்குவதற்கு ஏறக்குறைய 27 கிலோமீட்டர் நடத்தல் வேண்டும். அடியார்கள் அடிவாரமாகிய மதுபனத்திலிருந்து விடியுமுன் புறப்படுவர். இதே மலையைச் சந்தால் பழங்குடியினர் மராங் புரு என்று போற்றி வணங்குகின்றனர். 2019இல் வெளியான அறிவிக்கை ஒன்று இம்மலையைச் சூழ்ந்த பகுதியில் சூழல் சுற்றுலாவிற்கு இடமளித்தது. சுற்றுலா பெருகினால் மதுவும் புலாலும் மலையேறும் என்று நாடெங்கும் சமணர் கவலையுற்றுக் குரல் எழுப்பினர். 2023 சனவரி 5 அன்று நடுவண் அரசு அங்குச் சுற்றுலா நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. ஒரு மலையை எவ்வாறு காண்பது என்னும் வினாவிற்காக நம் சமுதாயம் தெருவில் இறங்கி நின்ற காலம் அது.

வடக்கே நெடுந்தொலைவிலுள்ள மலைக்காக அவ்வளவு வருந்திய நாம், கோவையிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் சென்று சேரத்தக்க மலைகளை எவ்வளவு அறிவோம்?

ஆறுநாட்டார் மலை

கரூர் மாவட்டம் புகழூரை அடுத்த வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார் மலை உள்ளது. இன்று அதன்மேல் முருகன் திருக்கோயில் விளங்குகிறது. அம்மலையின் குகைத்தளங்களில் கல்லில் வெட்டிய படுக்கைகளும், கி.பி. 2, 3ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த தமிழிக் கல்வெட்டுகளும் உள்ளன. ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோன் எனச் சேர மரபினர் மூன்று தலைமுறையினரை அக்கல்வெட்டுக் கூறுகிறது. இளங்கடுங்கோன் இளங்கோவாகிய காலத்தில் யாற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த அமணர்க்கு அவ்வுறைவிடம் அறுத்துக் கொடுக்கப்பட்டது. பதிற்றுப்பத்தின் பிற்பகுதியில் பாடப்பெறும் சேர வேந்தரோடு இப்பெயர்களை ஆய்வாளர் ஒப்பிட்டுக் காண்பர். சங்கப் பாடலும் கல்லெழுத்தும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அரிய இடம் இது.

அரசன் மட்டுமா அங்குக் கொடையளித்தான்? கருவூரைச் சேர்ந்த நத்தி என்னும் பொன்வாணிகனும் ஓர் இருக்கை செய்வித்துத் தன் பெயரைப் பொறித்துள்ளான். அரசிளங்குமரனும் கடைத்தெரு வணிகனும் ஒரே பாறையில் அறம் செய்திருக்கின்றனர்.

அக்கற்படுக்கைகளைக் காண்போர் ஒரு சிறு நுட்பத்தையும் நோக்குதல் வேண்டும். இத்தகைய குகைத்தளங்களில் மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையின் நெற்றியில் நீளமான காடி ஒன்றை வெட்டியிருப்பர். தலைவைக்கும் பக்கத்தைச் சற்றே உயர்த்தியிருப்பர். மழைக்காலத்தில் தளிரையும் சிற்றுயிரையும் மிதிக்க நேரும் என்றஞ்சித் துறவியர் நடையை நிறுத்தி ஓரிடத்தில் தங்குவது நம் மரபு. அந்நோன்பிற்கு இல்லறத்தார் செய்துகொடுத்த வசதி இக்காடியும் இப்படுக்கையுமே. நான்கு மாதம் மலையில் தங்கிய முனிவர்க்கு உணவளித்த கைகள் அடிவாரத்து ஊர்களில் இருந்திருத்தல் வேண்டும்.

அறச்சலூரும் திருமூர்த்தி மலையும்

ஈரோடு மாவட்டம் அறச்சலூரிலுள்ள நாகமலையில் ஒரு கல்வெட்டு வியப்பளிப்பது. ஐந்தைந்து எழுத்தாக ஐந்து வரிகளில் த, தை, தா முதலிய அடவுச் சொற்கட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒரே முறையில் அமையுமாறு அவை அடுக்கப்பெற்றுள்ளன. அவ்வெழுத்துகளைப் புணர்த்தவன் மலைவண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்பான் காசையும் மணியையும் நோட்டம் பார்ப்பவன். சமணம் கலையை வெறுத்த சமயம் என்று கூறுவோர்க்கு, முனிவர் உறைந்த அக்குகையின் இசையெழுத்துகளே விடை கூறும்.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஆனைமலைத் தொடரின் அடியில் திருமூர்த்தி மலை உள்ளது. பஞ்சலிங்க அருவியில் நீராடவும் அணையைக் காணவும் அங்குச் செல்வோர் பலர். அங்குக் கோயில் கொண்டுள்ள இறைவன் பெயர் அமணலிங்கேசுவரர். அப்பெயரிலுள்ள அமணம் என்னும் சொல் சமணரையே குறிக்கும் என்று ஆய்வாளர் சிலர் கொள்வர். அங்குள்ள பெரும்பாறையில் தேய்ந்துபோன புடைப்புருவைத் தீர்த்தங்கரர் உருவமாகக் காண்பர். இன்று அது சைவப் பெருமக்கள் போற்றி வழிபடும் தலம். பழமையை நாம் அறிந்துகொள்வது எவரோடும் வழக்காடுவதற்காக அன்று. அவர்கள் விளக்கேற்றும் இடத்தில் நாமும் கைகூப்பி நிற்கலாம். நம் பிள்ளைகளுக்கு அதன் முற்காலத்தைச் சொல்லலாம்.

மலையும் ஆசிரியரும்

கொங்கு நாட்டுச் சமணர் குகைகளில் மட்டும் வாழ்ந்தவர் அல்லர். பெருங்கதை இயற்றிய கொங்குவேளிர் விசயமங்கலத்தவர். அவ்வூரில் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் திருக்கோயில் இன்றும் உள்ளது. சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்க நன்னூல் செய்த பவணந்தி முனிவர் ஊராகிய சனகாபுரத்தைப் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் என்பர். அவர் தம் நூலின் பாயிரத்தில் நல்லாசிரியர்க்கு உவமையாக நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகிய நான்கினைக் கூறுகிறார். மலையின் பரப்பையும் அதிலுள்ள பொருளையும் அளந்துவிட இயலாது. அதனை அசைக்கவும் இயலாது. நெடுந்தொலைவிலிருந்தும் அது தெரியும். மழை பொய்த்துப் பிற இடம் வறண்டாலும் அது தன் வளத்தை வழங்கும். தமிழாசிரியர் பலரும் வகுப்பில் நடத்திய பகுதி இது. மலையில் உறைந்த முனிவரையும் அவரை நாடி மேலேறிய மாணாக்கரையும் கண்ட மரபில் வந்தவர்க்கே இவ்வுவமை இயல்பாக வாய்க்கும் என்பது என் துணிபு.

நம் கடமை

கோவையிலும் திருப்பூரிலும் இன்று வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்களுட் பெரும்பாலானவை வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து பணியின் பொருட்டு வந்தவை. பொன்னூர் மலையும் திருமலையும் நமக்குச் சொந்த ஊர் மலைகள். கொங்கு நாட்டுப் பழஞ்சமணர் குடிகளோ காலப்போக்கில் குறைந்து மறைந்தன. அவர்கள் விட்டுச்சென்ற படுக்கைகளுக்கும் எழுத்துகளுக்கும் உரியவர் என்று வந்து நிற்பதற்கு இங்கு நம்மையன்றி வேறு யார் உளர்?

தமிழகத்துக் குகைத்தளங்கள் பலவற்றில் வருவோர் தம் பெயரைக் கரியாலும் வண்ணத்தாலும் எழுதிச் செல்வதைக் காண்கிறோம். பதினெட்டு நூற்றாண்டு மழைக்குத் தாங்கிய எழுத்து ஓர் ஆணியின் கீறலுக்குத் தாங்குவதில்லை. எழுத்து தெளிவாகத் தெரியவேண்டும் என்று சுண்ணக்கட்டியால் வரைவதும், பத்தியால் எண்ணெய் பூசுவதும் தீங்கே விளைக்கும்.

ஆகவே நம் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இம்மலைகளுள் ஒன்றிற்குச் செல்லுதல் வேண்டும் என்று விழைகிறேன். மழைக்காலம் கழிந்த தை, மாசி மாதங்கள் ஏற்றவை. கதிரவன் ஏறுமுன் மேலேறி, படுக்கைகளின்மேல் அமராமல், பாறையைத் தொடாமல், கல்வெட்டின் வாசகத்தை அச்சுப்படியிலிருந்து பிள்ளைகளைப் படிக்கச் செய்யலாம். சிறிது நேரம் மௌனமாக இருந்து, பஞ்ச நமஸ்கார மந்திரம் ஓதி இறங்கலாம். கொண்டுசென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவருதல் வேண்டும். மேலிருந்து காவிரிக் கரை வயல்களைக் கண்டு மகிழ்வதும் தவறன்று. செங்காயபரும் நாள்தோறும் கண்ட காட்சிதானே அது!

கயிலைக்கும் சம்மேதசிகரத்திற்கும் செல்லும் பேறு வாய்த்தோர் சென்று வருக. அதற்குமுன் ஆறுநாட்டார் மலையில் ஒரு காலைப்பொழுதைக் கழித்தோர், அப்பெருமலைகளை எவ்வாறு காண்பது என்பதை ஓரளவேனும் கற்றிருப்பர். அறம் வளர்க.