பதிவேட்டில் இல்லாத பாதை

வெலிமடைப் பகுதித் தோட்டங்களுக்குச் சென்று வந்தவர்கள் இதை அறிவார்கள். பிரதான வீதியில் சீராக ஓடிவரும் வாகனம், தோட்டப் பாதைக்குத் திரும்பியதுமே குலுங்கத் தொடங்கிவிடும். இரண்டும் ஒரே மலையில் ஒரே மழைக்கு நனையும் பாதைகள்தாம். ஆனால் ஒன்று திருத்தப்படுகிறது, மற்றையது அப்படியே கிடக்கிறது. ஏன் என்று கேட்டால் நிதியில்லை என்பதே வழமையான பதில். அதற்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. அதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

மலையக வீதிகளின் வரலாறு கோப்பிக் காலத்துடன் தொடங்குகிறது. 1848ஆம் ஆண்டின் வீதிகள் சட்டம், 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் செலுத்த வேண்டும் என்றது. அந்த ஆண்டின் கிளர்ச்சிக்குப் புதிய வரிகளுடன் இச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. பேராதனையிலிருந்து நுவரெலியா, வெலிமடை, பதுளை வழியாகச் செங்கலடி வரை செல்லும் இன்றைய ஏ5 போன்ற நெடுஞ்சாலைகள் அரசின் பொறுப்பில் இருந்தன. அவற்றுக்கு மைல் கற்களும் மேற்பார்வையாளர்களும் பராமரிப்புக்கான ஒதுக்கீடும் இருந்தன. இருப்புப் பாதை 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் அடைந்தது. வெலிமடைக்கு அது வரவேயில்லை. ஆகவே அங்கு தேயிலைக்கும் மரக்கறிக்கும் மனிதருக்கும் வீதி ஒன்றே கதி.

தோட்டங்களுக்கு உள்ளே நிலைமை வேறு. தொழிற்சாலைக்கும் லயன்களுக்கும் மலைகளுக்கும் செல்லும் பாதைகளை வெட்டியவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். பாதை வெட்டியவரின் நாட்கூலி செக்ரோலில் பதியப்பட்டது. ஆனால் அவர் வெட்டிய பாதை தோட்டத்தின் தனிச் சொத்து என்பதால் அரசின் வீதிப் பதிவேட்டில் ஏறவில்லை. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. நிருவாகம் மாறியதே தவிரப் பாதையின் நிலை மாறவில்லை.

இதே காலத்தில் உலகின் வேறிடங்களில் வீதிகளின் தேய்மானத்தை முன்கூட்டியே கணிக்கும் முயற்சிகள் நடந்தன. 1970களின் முற்பகுதியில் கென்யாவிலும், பின்னர் பிரேசிலிலும் இந்தியாவிலும், வீதிகள் ஆண்டுதோறும் எவ்வாறு பழுதடைகின்றன, அதனால் வாகனச் செலவு எவ்வளவு கூடுகிறது என்று அளந்தார்கள். அந்த ஆய்வுகளின் அடிப்படையில் உலக வங்கி 1987இல் எச்.டி.எம்-3 என்ற கணினி மாதிரியை வெளியிட்டது. அதன் அடுத்த வடிவமான எச்.டி.எம்-4 மென்பொருள் 2000ஆம் ஆண்டில் வந்தது. நமது வீதி அபிவிருத்தி அதிகார சபையும் தனது திட்டமிடலுக்கு இதனைப் பயன்படுத்துகிறது.

மென்பொருள் செய்யும் வேலையை எளிதாக விளக்கிவிடலாம். வீதியின் மேற்பரப்பு எத்தகையது, கடைசியாக எப்போது தார் இடப்பட்டது, எத்தனை லொறிகள் எவ்வளவு பாரத்துடன் செல்கின்றன, மழை எவ்வளவு ஆகியவற்றை அதற்குக் கொடுக்க வேண்டும். எந்த ஆண்டில் வெடிப்புத் தோன்றும், எப்போது குழிகளாகும், இப்போதே திருத்தினால் என்ன செலவு, ஐந்தாண்டு பொறுத்தால் என்ன செலவு என்று அது கணித்துச் சொல்லும். தார் வீதி முதற் சில ஆண்டுகள் நன்றாகவே தோற்றமளிக்கும். ஒரு கட்டத்தின் பின்னர் சரிவு விரைவாகிவிடும். அதற்கு முன்னர் கானைத் துப்புரவு செய்து, வெடிப்பை அடைத்துவிட்டால் சிறு தொகையே போதும். தவறவிட்டால் அடித்தளத்திலிருந்தே புதிதாகப் போட வேண்டும். 85 வளர்முக நாடுகளில் சுமார் 1,200 கோடி டொலர் பராமரிப்பைச் செய்யாமல் விட்டதனால் 4,000 கோடி டொலருக்கும் மேற்பட்ட வீதிச் சொத்து அழிந்தது என 1988இல் உலக வங்கி மதிப்பிட்டது.

இங்குதான் தோட்டப் பாதையின் சிக்கல் இருக்கிறது. எந்த மென்பொருளும் தனக்குத் தரப்பட்ட பட்டியலில் உள்ள வீதியையே கணிக்கும். பட்டியலில் இல்லாத பாதைக்கு வயதுமில்லை, திருத்தச் செலவுமில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. இத்தகைய கணக்கில் ஆதாயத்தின் பெரும்பகுதி வாகனங்களுக்கு மிச்சமாகும் செலவிலிருந்தே வருகிறது. நாளுக்கு நாலைந்து வாகனங்கள் மட்டும் போகும் பாதை இயல்பாகவே வரிசையின் கடைசிக்குப் போய்விடும். பிரசவ வலியோடு அந்தப் பாதையில் கொண்டு செல்லப்படும் பெண்ணின் அவதிக்கு அந்த வரிசையில் இடமில்லை. இக்குறையை உணர்ந்துதான் போக்குவரத்துக் குறைந்த வீதிகளுக்கென எக்செல் தாளில் இயங்கும் எளிய மாதிரியொன்றையும் உலக வங்கி பின்னர் உருவாக்கியது.

சட்டமும் நெடுங்காலம் குறுக்கே நின்றது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை, அவர்களது பாதைக்கு ஒரு வண்டி சல்லிக்கல் போட முடியாதிருந்தது! மலையகப் பிரதிநிதிகளும் அமைப்புகளும் தொடர்ந்து வலியுறுத்தியதன் பின்னர், 2018இல்தான் இப்பிரிவு திருத்தப்பட்டது.

கதவு திறந்துவிட்டது, உண்மைதான். ஆனால் எந்தப் பாதை, எத்தனை கிலோமீற்றர், எத்தனை மதகுகள், எந்த இடத்தில் அணைச்சுவர் சரிந்திருக்கிறது என்ற விபரம் கையில் இல்லாவிட்டால் திறந்த கதவினால் பயனில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைத் தாக்கியபோது மண்சரிவுகள் வீதிகளையும் இருப்புப் பாதையையும் துண்டித்தன. அத்தகைய அழிவுக்குப் பின்னர், முன்பு என்ன இருந்தது என்பதற்குச் சான்று உள்ளவற்றுக்கே இழப்பைக் கணக்கிடுவது எளிது.

இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் முதலில் தேவையில்லை. தோட்டத்துப் படித்த இளைஞர்கள் கைத்தொலைபேசியுடன் நடந்தே ஒவ்வொரு பாதையையும் மதகையும் படமெடுத்து, இடத்தையும் நீளத்தையும் குறித்து, பிரதேச சபையில் பதியச் செய்யலாம். கணிப்பும் செலவுத் திட்டமும் அதன் பின்னர் வரும். பாட்டன்மார் வெட்டிய பாதைகளின் பெயர் இனியாவது அரசின் பதிவேட்டில் ஏறட்டும்.