நிழலும் உழைப்பும்: கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் பிலிம் நிழற்படம் – ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மேலைநாட்டுப் பெருநகரங்களில் பிலிம் கமராவுக்குப் புதியதொரு மதிப்பு ஏற்பட்டுள்ளது. டிஜிட்டல் கமரா சந்தையைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து 2012 ஜனவரியில் கோடக் நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியபோது, பிலிம் நிழற்படத்தின் வரலாறு முற்றுப்பெற்றதாகவே பலரும் கருதினர். ஆயின் அது முற்றுப்பெறவில்லை. இளந்தலைமுறையினர் பழைய கமராக்களைத் தேடி வாங்குகின்றனர். பிலிம் சுருள்களின் விலையும் ஏறியுள்ளது. இப்போக்கினை விளக்க முற்படுவோர் பெரும்பாலும் 'பழைமை மீதான ஏக்கம்' என்ற உளவியற் காரணத்தோடு அமைந்துவிடுகின்றனர். ஓர் உணர்வினை அதனைத் தோற்றுவித்த சமூக உறவுகளிலிருந்து பிரித்தெடுத்துப் பின்னர் அவ்வுணர்வையே காரணமாகக் காட்டும் இவ்விளக்கம் எமக்கு நிறைவு தருவதாயில்லை.

இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையோரத்திலும் அதனை அண்டியும் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள் தொடர்ந்து அமைந்துள்ளன. நெற்செய்கையும் கடற்றொழிலும் கைத்தறி நெசவும் சிறுவணிகமும் இவற்றின் பொருளியல் அடித்தளம். இவ்வூர்களிலும் பிலிம் நிழற்படத்தின் மீது நீங்காத பற்று உண்டு. ஆனால் இப்பற்று கமராவைப் பற்றியதன்று. இம்மக்களிற் பெரும்பாலானோரிடம் கமரா இருந்ததுமில்லை. ஸ்டூடியோவிற் பிடித்து, இருட்டறையிற் கழுவி, தாளிற் பதித்து வாங்கிய ஒரு சில படங்களைப் பற்றியது அது. இக்கரையோரத்தில் நிழற்படத்தை மக்கள் மீது முதலிற் சுமத்தியவை அரசும் உழைப்புச் சந்தையுமாகும். சுமத்தப்பட்ட அப்பொருளை மக்கள் தமது நினைவின் கருவியாக மாற்றிக்கொண்டனர். அம்மாற்றத்திலேயே அதன் நிலைபேறு தங்கியுள்ளது என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

2

நிழற்படக் கலை 1839 ஆகஸ்டில் பாரிசிற் பகிரங்கப்படுத்தப்பட்டது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே கொழும்பிலும் கண்டியிலும் ஸ்கீன், ஸ்கோவன் முதலிய ஐரோப்பியரின் ஸ்டூடியோக்கள் இயங்கின; பிளாட்டே நிறுவனம் 1890இல் தோன்றியது. துறைமுகமும் பெருந்தோட்டமும் இருந்த இடங்களிலேயே கமராவும் இருந்தது. கிழக்குக் கரையோரத்தின் நெற்குடிகள் அதன் பார்வைக்குப் பெரிதும் அப்பாற்பட்டே நின்றனர்.

அக்கால நிழற்படத்தின் வர்க்கத் தன்மைக்குத் தக்க சான்று யூலியா மார்கிறற் கமரூனின் படங்கள். இங்கிலாந்திற் புகழ்பெற்றிருந்த இவ்வம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே காலமானார். தமிழ்த் தொழிலாளரையும் அயலிலிருந்த உழைக்கும் மக்களையும் அவர் படம் பிடித்தார். இங்கிலாந்தில் அவர் பிடித்த கவிஞரும் அறிஞரும் பெயரோடு வாழ்கின்றனர். இலங்கைப் படங்களில் உள்ளோரிற் பெரும்பாலானோர் பெயரற்ற உருவங்களாகவே எஞ்சினர். லயனல் வென்ட் இதனின்றும் வேறுபட்டவர், மண்ணின் மைந்தர், ஒளியையும் இருட்டறையையும் ஆழ்ந்து கற்றவர். 1944இல் அவர் மறைந்தபின், 1950இல் அவருடைய படங்கள் நூலாக வெளிவந்தன. அவற்றிலே மீனவனும் உழவனும் அழகின் உருக்களாக மிளிர்கின்றனர் என்பதில் ஐயமில்லை. எனினும் படம் பிடிப்பவன் ஒரு வர்க்கமாகவும் பிடிக்கப்படுபவன் இன்னொரு வர்க்கமாகவும் இருந்த உறவு அங்கும் மாறவில்லை. தன் முகத்தின் பிரதி பிடிக்கப்பட்டவனின் வீடு சென்று சேர்வது அரிது. அவ்வகையில் நோக்குமிடத்து, சிறுநகரத்து ஸ்டூடியோவிற் பணம் செலுத்தித் தன் படத்தைத் தானே வாங்கிக்கொண்ட உழவனே இந்நாட்டின் நிழற்பட வரலாற்றில் ஒரு புதிய மனிதன் எனலாம்.

3

அவ்வுழவனை ஸ்டூடியோவுக்கு அழைத்துச் சென்றது எது? 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவு செய்தற் சட்டத்தின் கீழ், 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்படலாயிற்று. அட்டைக்குக் கறுப்பு வெள்ளைப் படம் தேவைப்பட்டது. அதுவரை கமராவின் முன் நின்றறியாத ஆண்களும் பெண்களும் அரசின் கட்டளைக்கமையவே முதன்முறை அதன் முன் அமர்ந்தனர். அடுத்து வந்தது கடவுச்சீட்டு. 1973இன் எண்ணெய் விலையேற்றம் வளைகுடா நாடுகளிற் குவித்த மூலதனம் உழைக்கும் கைகளை வேண்டி நின்றது; 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை அக்கைகளை ஏற்றுமதிப் பண்டமாக்கியது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பெறுமுன்னரே இவ்வூர்களிலிருந்து ஆண்கள் கூலித்தொழிலுக்கும் பெண்கள் வீட்டுப்பணிக்கும் புறப்பட்டுவிட்டனர். ஒவ்வொரு பயணமும் ஒரு படத்தோடு தொடங்கியது.

இவ்விடத்திலே உருவப்படம் பற்றிய இஸ்லாமிய விவாதத்தைக் கருத்திற் கொள்ளாது அப்பாற் செல்லவியலாது. உயிருள்ளவற்றின் உருவம் சமைத்தலை விலக்கும் நபிமொழிகளை முன்னிறுத்தி நிழற்படத்தை மறுத்த அறிஞர் பலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் எகிப்திய முப்தி முஹம்மத் பகீத் அல் முதீ இதற்கு மாறானதொரு தீர்ப்பை வழங்கினார். நிழற்படம் பிடிப்பவன் எதனையும் படைப்பதில்லை. விழுகின்ற நிழலை அவன் தடுத்து நிறுத்துகின்றான், அவ்வளவே என்பது அவருடைய வாதம். தமிழ்மொழி இதனைத் தன் போக்கில் 'நிழற்படம்' எனப் பெயரிட்டமை சுவையானதோர் ஒற்றுமையாகும். பாகிஸ்தானின் முப்தி முஹம்மத் ஷபீ போன்றோர் தடையை நிலைநிறுத்திய போதிலும், கடவுச்சீட்டு முதலிய தவிர்க்கவியலாத் தேவைகளுக்கு விலக்களித்தனர். தேவை என்பது அரசினதும் சந்தையினதும் வடிவில் வந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இதனால் மார்க்க விவாதத்தைப் பொருளியலின் வெறும் பிரதிபலிப்பாகக் கொள்ளுதல் கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். அவ்விவாதமே படத்துக்கு வீட்டினுள் ஓரிடத்தை வகுத்தது. படமுள்ள சுவரை நோக்கித் தொழுவதைத் தவிர்க்கும் வழக்கினால், பல வீடுகளிற் படம் சுவரைவிட்டு அல்பத்துக்கும் அலுமாரிக்கும் சென்றது. எடுத்துப் பார்ப்பதற்கும் மீண்டும் மூடி வைப்பதற்கும் உரிய பொருளாயிற்று. கிழக்கிலங்கை வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது; ஆதலின் அவ்வலுமாரியும் படமும் பெண்வழியே கைமாறலாயின.

4

இனி ஸ்டூடியோவை ஓர் உற்பத்திக் களமாக நோக்குவோம். வர்ணந் தீட்டிய திரைச்சீலை, ஒரு முக்காலி, ஒரு கண்ணாடி, சீப்பு, முகமா, இரவல் கோட்டு ஆகியவற்றோடு அமைந்த முன்னறையும் அதன் பின்னே இருட்டறையும் கொண்டது அது. உரிமையாளரே பெரும்பாலும் தொழிலாளருமாவார். மிஞ்சினால் ஓர் உதவியாள். சிறுபண்ட உற்பத்தியின் இலக்கணம் முற்றும் பொருந்திய தொழில் இது.

பிலிமின் மேற்பூச்சில் ஜெலற்றினுள் வெள்ளி உப்பின் நுண்பளிங்குகள் உள்ளன. ஒளி பட்ட பளிங்குகள் கண்ணுக்குப் புலனாகா மாற்றமடைகின்றன. முழு இருளிலே மெற்றோலும் ஹைட்ரோகுவினோனும் கலந்த கரைசலில் பிலிமை இட, அப்பளிங்குகள் கருவெள்ளியாகின்றன. 'ஹைப்போ' எனும் கரைசல் எஞ்சிய உப்பை அகற்றுகின்றது. ஓடும் நீரில் நெடுநேரம் அலசியபின் நெகற்றிவ் உலர்த்தப்படும். பின்னரே தாளிற் பதித்தல். 'படம் கழுவுதல்' என்னும் தமிழ் வழக்கு இவ்வுழைப்பின் சாரத்தைச் சரியாகவே பற்றிக்கொண்டது. இதற்கப்பால், மென்முனைப் பென்சிலினால் நெகற்றிவின் மீது வடுக்களை மறைக்கும் நுண்கைவினையும் இருந்தது. படத்திற் காணும் முகத்திலே இன்னொரு மனிதனின் கையுழைப்பும் கலந்திருந்தது.

இவ்வுற்பத்தியின் இரு பண்புகள் எமது விடயத்துக்கு முதன்மையானவை. முதலாவது, அருமை. நடுத்தரப் பிலிமிற் பன்னிரண்டு படங்கள். 35 மில்லிமீற்றர்ச் சுருளில் முப்பத்தாறு. பிலிமும் தாளும் இரசாயனமும் யாவும் இறக்குமதி. 1970 முதல் 1977 வரை நிலவிய அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் இறக்குமதிப் பொருள் ஒவ்வொன்றையும் அரிதாக்கின. அயலிலே இந்திய அரசு 1960இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையை நிறுவி, 'இந்து' என்ற பெயரில் பிலிம் உற்பத்தி செய்ய முனைந்தமையும் இச்சார்பினை அறுக்கும் மூன்றாமுலக முயற்சியே. எனவே ஒவ்வொரு பிடிப்பும் எண்ணிச் செய்யப்பட்டது. அக்காலப் படங்களில் நாம் காணும் இறுகிய முகமும் நிமிர்ந்த முதுகும் கூச்சத்தின் விளைவு மட்டுமல்ல. அரும்பொருளொன்றின் முன் மனிதர் கொண்ட மரியாதையுமாகும்.

இரண்டாவது, நெகற்றிவ். வாங்கியவர் பிரதியைக் கொண்டுசெல்வார். நெகற்றிவ் இலக்கமிட்ட உறையிலே ஸ்டூடியோவிற் கிடக்கும். மீண்டும் பிரதி வேண்டின் அங்கேயே வரவேண்டும் என்ற வணிக ஏற்பாடு அது. இவ்வேற்பாட்டினாலேயே, எவரும் திட்டமிடாமல், ஊரின் முகங்கள் அனைத்தும் ஓரிடத்திற் சேரலாயின.

5

அடையாள அட்டைக்காக எடுத்த படம் அட்டையோடு நின்றுவிடவில்லை. தாயோ தந்தையோ இறந்தபின், அவருடைய படம் வேறெதுவும் இல்லாத நிலையில், பிள்ளைகள் அதனையே ஸ்டூடியோவுக்குக் கொண்டுசென்று பெரிதாக்கினர். அரசின் கோப்புக்காகப் பிடித்த முகம் குடும்பத்தின் முகமாயிற்று. வால்ற்றர் பெஞ்சமின் 1936இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், இயந்திரப் பிரதியாக்கம் கலைப்பொருளின் ஒளிவட்டத்தைச் சிதைப்பதை விளக்கியதோடு, வழிபாட்டு மதிப்பு தன் இறுதிப் புகலிடத்தை மறைந்தோரின் முகங்களிற் காண்பதையும் சுட்டினார். எமது கரையோரம் இக்கூற்றுக்கு ஒரு திருத்தம் வழங்குகின்றது: இங்கு முகம் அம்மதிப்பைப் பெற்றதே பிரதியாக்கத்தினாலாகும். பெரிதாக்கப்படும்வரை அது ஓர் எண்ணுக்குரிய அடையாளம். பெரிதாக்கப்பட்டபின் அது உம்மா.

வளைகுடாவிலிருந்து வந்த வண்ணப் படங்கள் வேறொரு வகையின. புதிய மோட்டார் வாகனத்தின் அருகிலும் உயர்ந்த கட்டடத்தின் முன்னும் புலம்பெயர்ந்தவர் நின்றார். வீட்டுப்பணிக்குச் சென்ற பெண் இரவும் பகலும் உழைத்த சமையலறை எப்படத்திலும் இடம்பெறுவதில்லை. உழைப்பை மறைத்துப் பண்டத்தைக் காட்டுதல் விளம்பரத்தின் இயல்பு என்பர். அவ்வியல்பு கடிதத்தோடு வந்த குடும்பப் படத்தினுள்ளும் புகுந்தது.

6

நிழற்படத்தின் சமூகப் பயன் இன்னொரு திசையிற் கூர்மையடைந்தது 1990இலாகும். அவ்வாண்டு ஜூனிற் போர் மீண்டும் மூண்டபின் கல்முனைப் பகுதியிலே தமிழர் பலர் படையினராற் கொல்லப்பட்டனர், பலர் காணாமலாக்கப்பட்டனர். ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளாற் படுகொலை செய்யப்பட்டனர். தமிழ்த் தாயும் முஸ்லிம் தாயும் ஆணைக்குழுக்களின் முன் நீட்டியது ஒரே வகையான சிறு படத்தையே. 1977இல் ஆர்ஜன்ரீனாவின் மே சதுக்கத்திற் கூடத் தொடங்கிய அன்னையரும் அடையாளப் பத்திரங்களிலிருந்த பிள்ளைகளின் படங்களைப் பெரிதாக்கியே ஏந்தினர். கண்காணிப்பதற்காக அரசு பெற்ற முகம் அரசிடமே கணக்குக் கேட்கும் முகமாக மாறியது. இதனையே நாம் மக்களின் மாற்றம் என்றோம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் பார்க்க அம்பாறையிலேயே மிகுதியான உயிர்களைக் கொண்டது. இறந்தோர் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். வீடுகளோடு அலுமாரிகளும் அல்பங்களும் போயின. கடலிலிருந்து தள்ளி, பிரதான வீதியை அண்டி நெகற்றிவ் உறைகள் எஞ்சிய இடங்களிலேயே இறந்தோரின் முகத்தை மீட்கும் வாய்ப்பு இருந்தது. 2011இல் யப்பானின் ஆழிப்பேரலைக்குப் பின் தொண்டர்கள் சேற்றிலிருந்து குடும்பப் படங்களைச் சேகரித்துத் தூய நீரிற் கழுவி உரியவர்களிடம் ஒப்படைத்தனர்; பியூஜிபிலிம் நிறுவனமும் அப்பணியில் ஈடுபட்டது. எமது கரையில் அத்தகைய திட்டமிட்ட முயற்சி நிகழவில்லை. உணவும் கூரையும் முதலில் வேண்டியிருந்தன என்பது உண்மை. உழைக்கும் மக்களின் நினைவு எந்த நிவாரணப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை என்பதும் உண்மை.

7

1992இல் வியன்னாவில் தொடங்கிய லோமோகிராபி இயக்கம் முதல் இன்றைய பிலிம் மறுமலர்ச்சி வரை மேலைநாட்டுப் போக்கில் அருமையே ஒரு பண்டமாக விற்கப்படுகின்றது. முப்பத்தாறு படங்கள் மட்டும் என்ற வரையறை அங்கு விரும்பி ஏற்கும் விளையாட்டு; இங்கு அது வாழ்வின் நிபந்தனையாயிருந்தது. எனினும் இரண்டுக்கும் அடியில் ஒரு பொதுவுண்மை உண்டு. கையிற் பிடிக்கத்தக்கதும் உழைப்பின் தடம் உள்ளதுமான ஒரு சான்றையே மனிதர் நாடுகின்றனர். கைப்பேசியில் ஆயிரக்கணக்கிற் குவிந்து, கைப்பேசியோடு மறையும் படங்கள் அத்தேவையை நிறைவு செய்வதில்லை.

2015 முதல் கடவுச்சீட்டுக்கும், அதனையடுத்துப் புதிய அடையாள அட்டைக்கும் டிஜிட்டல் படமே ஏற்கப்படுகின்றது. அரசு உருவாக்கிய பிலிம் ஸ்டூடியோவை அரசே முடித்துவைத்தது. எஞ்சிய நெகற்றிவ்கள் கரையோரத்தின் வெப்பத்திலும் ஈரத்திலும் அழிகின்றன. ஜெலற்றினிற் பூஞ்சணம் பிடிக்கின்றது. அசற்றேற்று அடித்தளம் வினாகிரி மணத்தோடு சுருங்குகின்றது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1970களிலிருந்து அக்கரைப்பற்றில் நிகழ்த்திய ஆய்வும் அவர் பிடித்த படங்களும் 2008இல் நூலுருப் பெற்றன. வெளியார் கண்டது நூலாயிற்று. மக்கள் தம்மைத் தாமே காட்டிக்கொண்டது உறைகளில் உக்குகின்றது.

ஒலுவிலில் 1995இல் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், 2005 முதல் இலங்கைத் தமிழ்பேசும் சமூகங்களின் ஆவணங்களைப் பேணிவரும் நூலகத் திட்டமும் இப்பணியை மேற்கொள்ளத்தக்க நிறுவனங்கள். ஆயின் ஒன்றை வலியுறுத்துதல் வேண்டும். அடையாள அட்டைக்காகத் தம் முகத்தைக் காட்டிய பெண்கள் உலகுக்குக் காட்ட உடன்பட்டவரல்லர். அதன்பின் இவ்வூர்களில் உடையொழுக்கமும் மாறியுள்ளது. எனவே எதைத் திறப்பது, எதை மூடிவைப்பது என்ற தீர்மானம் குடும்பங்களிடமும் ஊரிடமும் இருத்தல் வேண்டும். இன்றேல் கமரூனின் பெயரற்ற உருவங்களை நாமே மீண்டும் படைத்தவராவோம். சேகரிப்பின் முதல் வேலை, நெகற்றிவைப் பிரதி செய்வதோடு அதிலுள்ளோரின் பெயரையும் தொழிலையும் உறவினர் வாயிலாகக் கேட்டெழுதுவதாகும். முகத்தை அடையாளங் காணவல்ல முதியோர் இன்னும் எம்மிடையே உள்ளனர். அவர்கள் உள்ளபோதே இது செய்யப்படல் வேண்டும்.