விளையாட்டு விசைப்பலகையில் தமிழ் எங்கே இருக்கிறது?



ஆண்டிறுதி விடுமுறை நெருங்கினால் பாயா ரும்புட் வட்டாரப் பெற்றோர் சிலர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பையன் விளக்கு எரியிற கீபோர்டும் கேமிங் மவுஸும் கேட்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா? படிப்புக்கு உதவுமா?" இதற்கு ஒற்றை வரியில் விடை கூறிவிடலாம். எனினும், விசைப்பலகைக்கும் தமிழுக்கும் இடையே நூறாண்டு உறவு ஒன்று உள்ளது. அதில் நம் மலாயா மண்ணுக்கும் பங்குண்டு. அதனை அறிந்த பிறகு அவ்விளக்கு எரியும் பலகையை நாம் பார்க்கும் பார்வை சற்று மாறும் என்று நம்புகிறேன்.

முதலில் தட்டச்சுப் பொறி. அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவரின் வடிவமைப்பை ரெமிங்டன் நிறுவனம் 1874-ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொணர்ந்தது. 'குவெர்ட்டி' என்று இன்றும் நாம் அழைக்கும் எழுத்து வரிசை அங்கிருந்து வந்ததே. ஆங்கிலத்திற்கு 26 எழுத்துகள். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒரே விசையில் அடக்கிவிடலாம். தமிழுக்கோ 247. இத்தனை எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் எவ்வாறு அடைப்பது?

இச்சிக்கலை அவிழ்த்தவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்த இராமலிங்கம் முத்தையா. 1907-இல் பிழைப்பு நாடி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய எண்ணற்ற இளைஞர்களுள் அவரும் ஒருவர். பகலில் அலுவலக எழுத்தர் வேலை. அங்கு ஆங்கிலத் தட்டச்சும் சுருக்கெழுத்தும் அவருக்கு அன்றாடப் புழக்கம். ஆங்கிலப் பொறி கடகடவென்று ஓடும்போது தமிழ்க் கடிதத்தை மட்டும் ஏன் கையால் எழுத வேண்டும் என்னும் வினாவே அவரை உறங்கவிடாமல் செய்திருக்க வேண்டும். அவர் வடிவமைத்த விசைப்பலகையை ஜெர்மனியின் சைடல் அண்டு நௌமான் நிறுவனம் பொறியாகச் செய்து கொடுத்தது. முதற்பொறி உருவிற் பெரியது. பின்னர் 'பிஜோ', 'ஐடியல்' என்னும் பெயர்களில் அடக்கமான பொறிகள் வந்தன.

அவருடைய தீர்வின் உயிர்நாடி 'நகரா விசை'. பொதுவாக ஒரு விசையைத் தட்டினால் தாள் ஓரெழுத்து இடம் நகரும். முத்தையாவின் பொறியில் புள்ளியைத் தட்டினால் தாள் நகராது. புள்ளி முதலில் பதியும், அடுத்துத் தட்டும் ககரம் அதன் கீழேயே வந்து அமரும், 'க்' உருவாகிவிடும். இகரக் கொம்புக்கும் இதே உத்தி. கு, மு, டு போன்ற உருமாறும் எழுத்துகளுக்குத் தனி விசைகள். ஆகவே 247 எழுத்துகளும் துணுக்குகளாகப் பிரிந்து ஒரு பலகைக்குள் அடங்கின. இடக்கை விரல்கள் ஓய்வாக அமரும் இடத்தில் ய, ள, ன, க. தட்டச்சு வகுப்புக்குச் சென்ற மூத்த தலைமுறையினரிடம் "யளனக" என்று சொல்லிப் பாருங்கள்; அவர்களின் விரல்கள் தாமாகவே மேசைமேல் ஆடும்.

மாணவர்க்குச் சொல்வதற்கு ஏற்ற நுட்பம் ஒன்று இங்கு உண்டு. தட்டச்சுப் பொறி கண் பார்க்கும் வரிசையைப் பின்பற்றியது. 'கொ' வேண்டுமாயின் முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்துக் ககரம், பின்னர்த் துணைக்கால் என மூன்று தட்டல்கள். தாளில் இடமிருந்து வலமாகத் தெரிவது எதுவோ அதுவே விரலின் வரிசை. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்று நாம் வகுப்பில் கற்பிக்கும் இலக்கணத்திற்கு அப்பொறியில் இடமில்லை. இரும்பிற்கு அது தேவைப்படவுமில்லை.

கணினி வந்தபோதுதான் நிலைமை மாறியது. ஐபிஎம் நிறுவனம் 1981-இல் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. கணினியில் தாள் நகர்வதில்லை. ஆதலால் விரல் தட்டும் வரிசை ஒன்றாகவும் திரையில் தோன்றும் வரிசை வேறொன்றாகவும் இருக்கலாம். இவ்விடத்தில் மலேசியாவின் பெயர் வரலாற்றில் ஏறுகிறது. கவிஞரும் மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைத் தொகுத்தவருமான முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் அது 'முரசு அஞ்சல்' ஆகி உலகெங்கும் சென்றது. 2005-ஆம் ஆண்டுப் பொங்கலின்போது சிங்கப்பூரில் வெளியீடு கண்ட 'செல்லினம்' கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழி திறந்தது. ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற 'இணைமதி' எழுத்துருவும் அவர் கைவண்ணமே.

அக்கரையில், சிங்கப்பூரில், ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1997-இல் சிங்கப்பூரில் நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டின் பின்னணியில் அவர் உழைப்பு இருந்தது. அதன் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடியது. அங்கு ஆராயப்பட்ட விசைப்பலகையைத் தமிழ்நாட்டரசு அவ்வாண்டு ஜூன் மாதம் பொது விசைப்பலகையாக ஏற்றது. அதுவே 'தமிழ் 99'. அதற்கு முந்திய மாதமே கோவிந்தசாமி மறைந்துவிட்டார். ஓர் ஆசிரியராக இதனை எழுதும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

தமிழ் 99-இல் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ககரத்தைத் தட்டி ஒகரத்தைத் தட்டினால் 'கொ'. மூன்று தட்டல் இரண்டாயிற்று. அது மட்டுமன்று, இலக்கணம் சொல்லும் வரிசையே விரலின் வரிசையும் ஆயிற்று. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டல்கள். 'வணக்கம்' ஆறு. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஆகிய இன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் புள்ளி தானாகவே அமரும். இனவெழுத்துப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இவ்வொரு பண்பை மட்டும் கணினியில் காட்டினால் போதும். அரை மணி நேர விளக்கம் மிச்சம்.

மற்றொரு வழி, உரோமன் எழுத்தில் ஒலிப்படி தட்டி அதனைத் தமிழாக்குவது. நம் நாட்டில் பெரும்பான்மையோர் இவ்வழியிற்றான் எழுதுகிறார்கள். இதனை நான் பழிக்க மாட்டேன். மின்னஞ்சல் புதிதாய் வந்த காலத்தில் ஆங்கில விசைப்பலகை மட்டுமே அறிந்த பல்லாயிரவரைத் தமிழில் எழுதவைத்தது அதுவே. ஆனால், வளர்ந்தவர்க்கு ஏற்றது பத்து வயதுப் பிள்ளைக்கும் ஏற்றதாகிவிடாது. 'பள்ளி' எழுத விரும்பும் மாணவன் ஷிப்ட் விசையை மறந்தால் திரையில் ஊர்வது 'பல்லி'. மணமும் மனமும் ஒரே விசையில் குடியிருக்கின்றன. சொல்லின் முதலில் வந்தால் தந்நகரம், இடையில் வந்தால் றன்னகரம் எனப் பல உரோமன் முறைகளில் மென்பொருளே முடிவெடுத்துவிடுகிறது, பிள்ளை முடிவெடுப்பதில்லை. தமிழ் 99-இல் ல, ள, ழ மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் உள்ளன. எதனைத் தட்டுவது என்று பிள்ளை ஒரு கணமேனும் எண்ணியாக வேண்டும். அந்த ஒரு கணந்தான் எனக்கு வேண்டியது. நாள்தோறும் பிழை திருத்தும் ஆசிரியர்கள் இதனை உடனே உணர்வார்கள்.

இனி விளையாட்டுக்கு வருவோம். சுட்டியைக் கருத்துருவாக்கியவர் டக்ளஸ் எங்கல்பர்ட். அவருடன் பணியாற்றிய பில் இங்கிலிஷ் 1964-இல் மரக்கட்டையில் செய்த முதற்சுட்டிக்கு அடியில் இரண்டு சக்கரங்கள் இருந்தன. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் உலகம் அதனைக் கண்டது. பின்னாளில் சக்கரங்கள் போய்க் குண்டு வந்தது. பள்ளிக் கணினி அறைகளில் அக்குண்டைக் கழற்றி அழுக்குச் சுரண்டாத ஆசிரியர் எவரேனும் உண்டா? 1990-களின் இறுதியில் ஒளிச்சுட்டிகள் பரவத் தொடங்கின, அவ்வேலையும் ஒழிந்தது.

சுட்டி வலக்கைக்குப் போனதும் விளையாட்டில் இடக்கைக்குத் தனி வேலை பிறந்தது. 1997-இல் 'குவேக்' போட்டியில் வென்று புகழடைந்த தெனிஸ் ஃபாங் என்னும் இளைஞர் டபிள்யூ, ஏ, எஸ், டி ஆகிய நான்கு விசைகளால் நகரும் முறையைப் பரவலாக்கியவர்களுள் முதன்மையானவர். இன்று உலகெங்கும் விளையாடும் பிள்ளைகளின் இடக்கை விரல்கள் அந்நான்கின்மீதே கிடக்கின்றன. விளையாட்டுக் கருவிகளுக்கென்றே பெரிய நிறுவனங்கள் தோன்றின. 2005-இல் தொடங்கப்பட்ட ரேசர் நிறுவனத்தின் இணை நிறுவனர் மின்-லியாங் டான் சிங்கப்பூர்க்காரர்.

இப்போது தமிழ் 99 விசைப்பலகையை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். ஏ விசையில் அ. எஸ் விசையில் இ. டி விசையில் உ. மேலே டபிள்யூவில் ஈ. விளையாடும் பிள்ளையின் விரல்கள் நாள் முழுவதும் தமிழ் உயிரெழுத்துகளின்மீதே அமர்ந்திருக்கின்றன. அவனுக்குத்தான் அது தெரியவில்லை. அடுத்துள்ள எஃப் விசையின்மேல் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடு உண்டல்லவா? அங்கேதான் ஆய்தமும் புள்ளியும் இருக்கின்றன. என் மாணவர்களிடம் இதனைச் சொன்னபோது, பாட நூலைக் காட்டியபோது வராத ஆர்வம் அவர்கள் முகத்தில் வந்தது.

ஆகவே, எத்தகைய பலகை வாங்கலாம்? மலிவான பலகைகளில் விசைகளுக்கு அடியில் இரப்பர்ச் சவ்வு இருக்கும். சத்தம் குறைவு, விலையும் குறைவு, அன்றாட வேலைக்குப் போதும். விளையாட்டுப் பலகைகள் பலவற்றில் ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுருள்வில் இருக்கும். ஒரே நேரத்தில் பல விசைகளை அழுத்தினாலும் அனைத்தும் பதிவாவது விளையாட்டுக்குத் தேவை. தமிழ் எழுத அது தேவையில்லை, ஏனெனில் நாம் ஒன்றன்பின் ஒன்றாகவே தட்டுகிறோம். ஆனால் அச்சுருள்வில் விசை அழுந்தியதை விரலுக்குத் தெளிவாக உணர்த்தும். புதிதாகத் தட்டப் பழகும் பிள்ளைக்கு அது நல்லது. வண்ண விளக்குகளுக்காக மட்டும் கூடுதல் வெள்ளி கொடுக்க வேண்டாம். சுட்டியோ, பிள்ளையின் கைக்கு அடங்கும் அளவில் இருந்தால் சரி. பெரியவர் கைக்கு ஏற்ற கனத்த சுட்டி சிறு மணிக்கட்டை வலிக்கச் செய்யும்.

தமிழ் எழுத்துப் பொறித்த பலகையைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2019 முதல் விண்டோஸ் 10-இலேயே தமிழ் 99 உள்ளது; ஆப்பிள் கணினிகளிலும் உண்டு. மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்து, விசைப்பலகையாகத் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுங்கள். முதல் வாரம் இடக்கை உயிரெழுத்துகள் மட்டும் போதும். இரண்டாம் வாரம் க, ப, ம, த, ந, ய. வலக்கையின் நடுவரிசை அது. 'அம்மா', 'அப்பா', 'தம்பி', 'பந்து' என்று அவ்வெழுத்துகளிலேயே நிறையச் சொற்கள் கிடைக்கும். ள, ல, ழ மூன்றையும் அவசரப்படாமல் மூன்றாம் வாரத்திற்கு வைத்துக்கொள்ளுங்கள்.